டிவி கேம், பழைய படம், கைவேலை: மூன்றும் உள்ள வீட்டுக்குக் குறிப்புகள்

டிவி கேம் கேசட், பழைய பட விசிடி, பாட்டுப் புத்தகம், எம்பிராய்டரி நூல் கண்டு எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் இன்றும் நிறைய. இந்த மூன்று ஆசைகளுக்கும் எதிரிகள் பொது: ஈரம், வெயில், ஆண்டுக்கணக்கில் திறக்காத அலமாரிக் கதவு. அடிக்கடி எடுத்துப் புழங்கும் பொருளில் பூஞ்சை வந்தாலும் உடனே கண்ணில் பட்டுவிடும். பரணில் ஏறியதுதான் கெட்டுப்போகிறது. அதனால் கீழே உள்ளவை பொருளைப் பூட்டி வைப்பதற்கான குறிப்புகள் அல்ல. தொடர்ந்து விளையாடவும் பார்க்கவும் பின்னவும் உதவுபவை.

1. கேம் கேசட் ஓடவில்லை என்றால் ஊதாதீர்கள். தெருவெங்கும் எல்லாப் பிள்ளைகளும் செய்த வைத்தியம்தான் அது. ஆனால் ஊதும்போது வாயின் ஈரம் உள்ளே இருக்கும் உலோகப் பற்களில் படிந்து நாளடைவில் அரிக்கும். நின்டெண்டோ நிறுவனமே ஊத வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. ஊதியதும் கேம் ஓடியதே என்று கேட்டால், கேசட்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகியதால் தொடர்பு சரியாகி ஓடியது என்பதுதான் பதில்.

நம் ஊரில் விற்ற டிவி கேம் பெட்டிகளில் பல, 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் கேம் பெட்டியின் நகல்கள். அந்தக் கேசட்டின் அடியில் பக்கத்துக்கு 30 வீதம் 60 பற்கள் இருக்கும். 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை லேசாக நனைத்து, பற்களின் நீளவாக்கில் இழுத்துத் துடையுங்கள். முதல் பட்ஸ் கறுத்து வரும். வெள்ளையாக வரும்வரை புதிய பட்ஸ் மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் சொருகுங்கள். ஆல்கஹாலுக்கும் போகாத கறைக்கு மட்டும் வெள்ளை ரப்பரால் ஒருமுறை மெல்லத் தேய்க்கலாம்; அழுத்தினால் மேல்பூச்சு தேய்ந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் பெட்டியின் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் இந்த வேலையை அடுப்பங்கரையில் செய்ய வேண்டாம்.

2. வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் துப்பாக்கியில் பழுது இருக்காது. 1984-ல் வந்த 'டக் ஹன்ட்' ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால்தான் வாத்து விழும். பழைய டியூப் டிவியின் வேகத்துக்கென்று அமைத்த கணக்கு அது. எல்சிடி, எல்இடி திரைகளில் படம் வரச் சற்றுத் தாமதமாகும். துப்பாக்கிக்கு அதற்குள் நேரம் முடிந்துவிடும். யாரிடமாவது டியூப் டிவி இருந்தால் அதில் சோதித்துப் பாருங்கள். அந்த டிவியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

3. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயருக்குப் புது டிவியில் துளையே இல்லையா? பின்பக்கம் பச்சைத் துளையைப் பாருங்கள். பல டிவிகளில் மஞ்சள் ஒயரையும் அந்தப் பச்சையிலேயே சொருகும்படி அமைத்திருப்பார்கள்; பக்கத்தில் ஏவி என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். சிலவற்றில் ஹெட்ஃபோன் துளை அளவில் ஒரே ஒரு துளை இருக்கும். அதற்குத் தனி இணைப்பு ஒயர் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஏவி-யை எச்டிஎம்ஐ-யாக மாற்றும் சிறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். இணைத்ததும் டிவி அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். பட்டனை அழுத்திய பிறகு மேரியோ தாமதமாகக் குதிப்பது பெருமளவு குறையும்.

4. படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். பழைய கேமும் பழைய படமும் 4:3 என்ற, கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'தான். அதற்கு முந்தைய படத்தை அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் பருத்துத் தெரியும். மேலும் கீழும் வெட்டி நிரப்பினாலோ நாட்டியக் காட்சியில் பாதம் காணாமல் போகும். ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்ற இடத்தில் 4:3 வைத்துவிடுங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதியையும் அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டது. இல்லாத படங்களை டிவி இடையில் சொருகினால் பழைய படம் நாடக சீரியல் போல ஆகிவிடுகிறது.

5. மாதக்கணக்கில் தொடாத ரிமோட், கையடக்க கேம், வாக்மேன் எதிலும் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பட்ஸால் துடையுங்கள். லேசாகப் பொங்கும். பிறகு ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். கையுறை அவசியம், பொடி கண்ணில் படக் கூடாது.

சில கேம் கேசட்டுகளுக்குள்ளும் பேட்டரி உண்டு. 1987-ல் அமெரிக்காவில் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' கேசட்டில், விளையாடி முடித்த இடத்தை நினைவில் வைப்பது ஒரு சிறிய நாணய பேட்டரிதான். அது தீர்ந்தால் சேமித்தது போய்விடும், கேம் ஓடும். பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள், மாற்றுவதை எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

6. வெள்ளைக் கேம் பெட்டி மஞ்சளாகிவிட்டால் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கும் அதில் சேர்த்த தீத்தடுப்பு ரசாயனமும் வெயில் பட்டு மாறிய நிறம் அது, அழுக்கு அல்ல. ஜன்னலோரம் வைக்காதிருப்பதே தடுப்பு.

7. விசிடியில் கீழ்ப்பக்கத்தை எல்லோரும் பொத்திப் பொத்திக் காக்கிறோம். உண்மையில் மென்மையான பக்கம், படம் அச்சிட்ட மேல்பக்கம். கீழே தடித்த பிளாஸ்டிக் இருக்கிறது. அலுமினியப் படலமோ மேலே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் கிடக்கிறது. மேலே பால்பாயின்ட் பேனாவால் எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ படலமும் சேர்ந்து வரும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்தப் பயம் குறைவு.

தட்டு திக்கினால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே ஓடி, பிளேயரால் படிக்க முடியாமல் போகும். டூத்பேஸ்ட் வைத்தியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவே உராயும் பொருள். கழுவியும் ஓடாவிட்டால் தட்டை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் படலம் போய்விட்டது. இனி எந்தத் துடைப்பும் உதவாது.

8. ஓடும் நிலையில் உள்ள விசிடியை இப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். ஒரு தட்டில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்திலிருந்து 80 நிமிடம்வரை படம் இருக்கும். நம் இரண்டரை, மூன்று மணி நேரப் படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தது அதனால்தான். தட்டைத் திறந்து, எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருப்பதிலேயே பெரிய ஃபைலைப் பிரதி எடுத்தால் போதும். விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும். ஃபைலுக்குப் படத்தின் பெயர், ஆண்டு, எத்தனையாவது தட்டு என்று உடனே பெயர் வையுங்கள். வீட்டில் எழுதிய தட்டுகளை முதலில் ஏற்றுங்கள். அவற்றில் இருப்பது சாயப் பூச்சு, வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

9. ஆடியோ கேசட்டில் குரல் திடீரென்று அடைத்தாற்போல் கேட்டால் டேப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேசட்டின் திறந்த விளிம்பில் நடுவே, சிறு செப்புத் தகட்டின் மேல் விரல் நக அளவுகூட இல்லாத ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். 'திருவிளையாடல்' கதை வசனம் மாதிரி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கேசட்டுகளில் இது அதிகம். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு பஞ்சை இடுக்கியால் எடுத்து மாற்றிவிடலாம். ஐந்து ஸ்க்ரூ போட்ட கேசட்டில் இது எளிது. ஒட்டி மூடியதைப் பிளக்க வேண்டாம்; விளிம்பு வழியாகவே செய்யலாம். மாற்றியபின் ஆறு பட்டைப் பென்சிலைச் சொருகி இரண்டு சுற்று சுற்றி, டேப்பின் தொய்வை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

10. விஎச்எஸ் கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூவல் தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. ஹெட் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். தனி உறையில் இட்டு, டேப் சுத்தம் செய்யும் கடைக்குக் கொடுங்கள்.

11. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். செருப்புப் பெட்டி, கைப்பை, மாத்திரை டப்பா என்று எதில் வந்தாலும் எறிய வேண்டாம். ஆனால் திறந்த அலமாரியில் அவற்றைப் போட்டுப் பயனில்லை. இறுக மூடும் டப்பாவுக்குள் பொருளோடு சேர்த்து வைத்தால்தான் வேலை செய்யும். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஈரம் ஏறியதும் தெரிந்துவிடும். அந்த மணிகளை ஓவனில் சுமார் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி வேண்டாம். மாவுத்தூள் போதும், பூச்சியைக் கூப்பிட.

12. பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு. 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கதைச் சுருக்கம் முடியும் அந்த மெல்லிய புத்தகங்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தாளிலேயே அமிலம் இருப்பதால் தானாகப் பழுத்து ஒடியும். லேமினேட் செய்தால் சூட்டில் இன்னும் கெடும். திரும்பப் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்புக் கோடு நிற்கும். மெத்தென்ற பிவிசி உறையில் அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு இங்கே நல்ல வேலை காத்திருக்கிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்த கையால் தயாரித்த காகிதம் காதிக் கடைகளில் கிடைக்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தயாரிப்புக்கு நல்ல பெயர். அதை மடித்து, பசையே இல்லாமல் நான்கு மடிப்பு உறை செய்யுங்கள். தாளைப் புத்தகத்தின் அகலம், உயரம் இரண்டிலும் மும்மடங்காக வெட்டி, நடுவில் புத்தகத்தை வைத்து, மேல், கீழ், இடம், வலம் என்று வரிசையாக மடித்தால் உறை தயார். துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளையில் வெள்ளைப் பருத்தி நூலால் ஒரு தையல் போடுங்கள். உறைகளை நிறுத்தாமல் படுக்கை வாட்டில் அடுக்குங்கள்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி இன்று இல்லை. பிரதி இல்லாத படங்களைப் பற்றி நமக்குக் கொஞ்சமாவது தெரிகிறது என்றால், விளம்பரமும் புகைப்படமும் பாட்டுப் புத்தகமும் யாரோ ஒருவர் வீட்டில் தப்பியதால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படிச் சேர்த்தவர். அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வீட்டில் இனி வைக்க முடியாது என்ற நிலை வந்தால், பழைய பேப்பர் கடைக்கு எடை போடும் முன் அப்படி ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

13. புத்தகப் பூச்சிக்கு வசம்பு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பது தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குச் செய்யும் முறை. மணம் போனதும் மாற்ற வேண்டும். பொட்டலம் தாளைத் தொடாமல் அலமாரி மூலையில் இருக்கட்டும். பாச்சை உருண்டையைக் கேம் பெட்டி, மணி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா அருகில் போடாதீர்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும்.

14. கிராஸ் ஸ்டிட்ச் பழக, பழைய கேம் உருவங்களைவிட நல்ல மாதிரி கிடையாது என்பேன். அந்தக் காலத்து ஓவியர்கள் கட்டம் கட்டமாகவே வரைந்தார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல், அவ்வளவுதான். சின்ன மேரியோவே 16 கட்ட உயரத்துக்குள் அடக்கம். தொடங்குபவர்களுக்கு 1978-ல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நண்டு. அகலம் 11 கட்டம், உயரம் 8 கட்டம். கணக்கு நோட்டில் 11-க்கு 8 கட்டம் வரைந்து, இடமிருந்து எண்ணி இவற்றை நிரப்புங்கள்:

முதல் வரிசை: 3, 9.
இரண்டாம் வரிசை: 4, 8.
மூன்றாம் வரிசை: 3 முதல் 9 வரை.
நான்காம் வரிசை: 2, 3, 5, 6, 7, 9, 10. விட்ட 4-ம் 8-ம் கண்கள்.
ஐந்தாம் வரிசை: 1 முதல் 11 வரை முழுக்க.
ஆறாம் வரிசை: 1, 3 முதல் 9 வரை, 11.
ஏழாம் வரிசை: 1, 3, 9, 11.
எட்டாம் வரிசை: 4, 5, 7, 8.

மொத்தம் 46 தையல். அங்குலத்துக்கு 11 கட்டம் உள்ள மேட்டி துணியில் நண்டு சரியாக ஓர் அங்குல அகலம் வரும்; கைக்குட்டை மூலைக்கும் தலையணை உறைக்கும் அளவானது. துணியை நான்காக மடித்து நடுவைக் குறித்துக்கொண்டு, ஐந்தாவது வரிசையின் ஆறாவது கட்டத்தில் தொடங்குங்கள். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். ஆறு இழை நூலில் இரண்டு அல்லது மூன்று இழையைத் தனித்தனியாக உருவிச் சேர்த்துக் கோர்த்தால் தையல் படிந்து நிற்கும். முக்கியமானது ஒன்று: எல்லாத் தையலிலும் மேல் இழை ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் அந்தக் கட்டம் தனியாகத் தெரியும்.

15. சிவப்பு, கருநீல நூலை நனைத்த வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே தையுங்கள். சாயம் ஒட்டினால் வேறு நூல்.

16. ஒயர் கூடை பின்னத் தெரிந்தால் கேசட்டுக்கென்று நீளக் கூடை ஒன்று போடுங்கள். விஎச்எஸ் கேசட்டை எப்போதும் புத்தகம் போல நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்தால் சுருளின் விளிம்பு நசுங்கும். உறையில்லாத கேசட் 18.7 சென்டிமீட்டர் உயரம், 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம், 2.5 சென்டிமீட்டர் தடிமன். உறையோடு பத்துக் கேசட் நிற்க உள்ளளவு 32-க்கு 13 சென்டிமீட்டர், உயரம் 15 இருந்தால் எடுக்கவும் வசதி. இந்த வேலைக்குச் சிவன் கண் பின்னல் நல்லது. இடைவெளி வழியே காற்று போகும். சுருட்டி வைத்து முறுகிய ஒயரை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று ஊறவிட்டால் இளகி நேராகும். முடிச்சு நழுவாமலிருக்கத் துணிக் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். முடித்த கூடையை மொட்டை மாடி வெயிலில் விட்டால் ஒயர் வெளுத்து விறைத்துவிடும்.

17. பசை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைப் பருத்தித் துணி, கம்பளி நூலில் ஊற்றாதீர்கள். சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அதே பசையின் ஆவி வெண்புகையாய்ப் படியும் என்பதால் கேசட் கண்ணாடிக்கும் விசிடி டப்பாவுக்கும் ஆகாது. சாதா ஃபெவிகால் மூடி ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதன் மரையில் வாஸ்லின் தடவி வையுங்கள்.

18. துணிக் கத்தரியைத் தாள் வெட்டத் தராதீர்கள். மழுங்கியதை உப்புத்தாளைப் பத்துத் தடவை வெட்டிச் சமாளிக்கலாம்.

19. எல்லாவற்றையும்விட அவசரமானது வீட்டுக் கேசட். 'கர்ணன்' 1964-ல் வந்த படம். 2012-ல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் மறுபடி ஓடியது. பெரிய படங்களுக்கு அப்படி யாராவது வருவார்கள். உங்கள் அக்காவின் வளைகாப்புக்கும் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கும் வீட்டில் இருக்கும் அந்த ஒரே கேசட்டைத் தவிர வேறு பிரதி கிடையாது. முதலில் கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள், அதன்மேல் தவறிக்கூடப் பதிவாகாது. டெக்கில் போட்டதும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி ஒன்றை வாங்கி, டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை அதில் சொருகிக் கம்ப்யூட்டரில் பதியுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. பதிந்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. புது டெக் இனி வராது. இருக்கும் டெக் ஓடும்போதே இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கேசட்டைப் போடுங்கள்.